அவர் பாஸாகிவிட்டார்

அன்று செவ்வாய்க்கிழமை. பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் இரண்டாம் மாடி வீட்டில், சமையல் மேடையின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை ஆறரை மணி இருக்கும். அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. மூன்றே வரி. முதல் வரி, ‘டாட் பாஸ்ட் திஸ் மார்னிங்.’ இந்த வாரம் முழுக்க வரமாட்டேன் என்பது இரண்டாவது. நினைவூட்டல் திரையில் உள்ள கோளாறு அவசரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது.

அனுப்பியவர் எங்கள் வாடிக்கையாளர். பல் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருளை எங்கள் கம்பெனி பராமரிக்கிறது. அமெரிக்காவில் ஒரு ஊரில் உள்ள நான்கு மருத்துவமனைகளின் அலுவலகத்தையும் கவனித்துக்கொள்பவர் இந்த அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை அவருடன் பேசிவந்தேன். திரை திறக்க நேரமாகும்போதெல்லாம் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்வார். அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. காரை விடமாட்டேன் என்று பிடிவாதம். அவர்கள் ஊரில் அந்த வயதுக்கு மேல் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், அதிகாரியைப் பக்கத்தில் உட்கார வைத்து மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். அதற்காக அந்தப் பெரியவர் சர்ச் மைதானத்தில் நான்கு வாளிகளைக் கவிழ்த்து வைத்து, நடுவில் காரைப் பின்பக்கமாக விட்டுப் பழகிக்கொண்டிருந்தார். “இன்னிக்கு எத்தனை வாளி இடிச்சார்?” என்று நான் கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே எண்ணிக்கை சொல்வார்.

ஆகவே அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கிழவர் பாஸாகிவிட்டார். வாரம் முழுக்க லீவு என்றால் அப்பாவும் மகளும் காரை எடுத்துக்கொண்டு எங்கோ கிளம்புகிறார்கள். அடுப்பில் பால் பொங்கும் நிலையில் இருந்தது. ஒரு கையால் அதை இறக்கி, மறு கையால் பதில் அடித்தேன். மனமார்ந்த வாழ்த்துகள். அவர் பாஸாவார் என்று எனக்குத் தெரியும். இனி அவர் யாரையும் எதிர்பார்க்காமல் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருவரும் நன்றாக அனுபவியுங்கள். கடைசியில் வண்ணக் காகிதம் சிதறும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன்.

அவ்வளவு சந்தோஷம் எனக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். நான் பிளஸ் டூவில் இங்கிலீஷில் பெயிலானவள். தருமபுரி பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள். மற்ற எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க். அந்த ஒரு தாளை மறுபடி எழுதினேன். முடிவு வந்த அன்று நெட் சென்டர் வாசலில் அப்பா பஞ்சர் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்து “பாஸு” என்றார். அப்பா அங்கே நின்ற அத்தனை பேருக்கும் டீ சொன்னார். அந்தச் சொல்லுக்கு அதற்கு மேல் ஒரு பொருள் இருக்க முடியும் என்று நான் யோசித்ததே இல்லை.

பதிலை அனுப்பிவிட்டு விவேக் நகர் போனேன். கணவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரைக்காக நிற்கும்போது போன் அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் குழுவின் பொதுச் சாட்டில் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் அப்பாவின் ஆன்மா சாந்தி அடையட்டும். அந்த அம்மாள் பொதுச் சாட்டிலும் அதே மூன்று வரிகளைப் போட்டிருந்தார். ஆறு பேர் படித்தார்கள். ஆறு பேருக்கும் புரிந்திருக்கிறது.

கடைக்காரர் மாத்திரையை நீட்டிக்கொண்டிருந்தார். “மேடம், பில் வேணுமா?” என்று இரண்டு தடவை கேட்டார் என்று நினைக்கிறேன். நான் ஓரமாக ஒதுங்கி, என் செய்தியை மறுபடி திறந்து பார்த்தேன். ‘இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம்.’ அதன் கீழே அவர் படித்துவிட்டார் என்பதற்கான கண் அடையாளம் வந்திருந்தது. அவசரமாக அழித்தேன். செய்தி போனது. ஆனால் இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு வரி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்ததும் முன்பைவிட மோசமாகிவிட்டது போல இருந்தது.

பேருந்து ஏற மனம் வரவில்லை. நடந்தே வந்தேன். ஈஜிபுரா மேம்பாலத் தூண்களுக்கு அடியில் வண்டிகள் ஒன்றை ஒன்று இடிக்காத குறையாக நின்றன. நான் வழி தவறி ஒரு தெரு தள்ளிப்போய், திரும்பி, மறுபடி வேறொரு தெருவில் நுழைந்தேன். ‘பாஸ்ட் அவே’ என்றால் எனக்கும் தெரியும். செத்துப்போனார் என்று பொருள். அந்த ‘அவே’ எங்கே போனது? யார் அதை எடுத்தது?

கணவர் அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். ஏழரைக்கு வந்தார். நான் அடுப்பைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையில்தான் துடைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சாவு வூட்டுக்குப் போய் வாழ்த்து சொல்லிட்டு வந்துட்டியா?”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“சரி, சிரிக்கல. இன்னா இப்போ? தெரியாம பண்ணதுதானே. நாளைக்கு ஒரு சாரி போட்டுடு.”

“அவங்க அப்பாவை எரிக்கிறதுக்கு முன்னாடி என் செய்தியப் படிச்சிருக்காங்க.”

“அங்கல்லாம் எரிப்பாங்களோ, புதைப்பாங்களோ” என்று முனகிக்கொண்டே அவர் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கப் போனார். அன்று இரவு நான் அவருடன் பேசவில்லை.

மறுநாள் அலுவலகம் போக வேண்டிய நாள். எங்கள் குழுத் தலைவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய தாத்தா காலத்தில் இங்கே அரசு வேலைக்கு வந்த குடும்பம். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. காபி இயந்திரத்தின் பக்கத்தில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கப்பை மேஜையில் வைத்தார்.

“அய்யோ. படிச்சிட்டாங்களா?”

“படிச்சிட்டாங்க சார்.”

“ஒரு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. போன வருஷம் மீட்டிங்ல அந்த புது ஸ்கிரீன் வேணுமான்னு கேட்டப்போ அவங்க ‘ஐ வில் பாஸ்’னாங்க. நீ ஓகே ஆயிடுச்சுன்னு எழுதிட்ட. நம்ம பசங்க ரெண்டு வாரம் அதைக் கட்டிட்டு இருந்தாங்க. வேண்டாம்னு சொன்னதை வேணும்னு நினைச்சோம். ஞாபகம் இருக்கா?”

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“டென்ஷன் மாட்கோபேடா, கவலைப்படாதே. இப்போ எதுவும் அனுப்பாதே. திங்கக்கிழமை அவங்க வரட்டும், பாத்துக்கலாம்.”

எதுவும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டால் எதுவும் எழுதாமல் இருக்க முடியுமா? என் மேஜைக்குப் போய் எழுத ஆரம்பித்தேன். எழுதுவேன், அழிப்பேன். தண்ணீர் குடிக்கப் போவேன். திரும்பி வந்து மன்னிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு போடுவேன். நடுவில் போனில் அகராதியைத் திறந்து அந்தச் சொல்லைப் பார்த்தேன். கடந்து போவது, எடுத்துக் கொடுப்பது, தேறுவது, சட்டம் நிறைவேறுவது, நேரம் கழிவது, வேண்டாமென்று விடுவது, மலைக் கணவாய் என்று விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் பாஸும், கேட் பாஸும், டைம்பாஸும், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து மோஷன் பாஸ் ஆச்சா என்று கேட்பதும்தான். இறப்பது என்ற பொருள் வெகு கீழே, இரண்டு அற்பமான பொருள்களுக்கு நடுவில் இருந்தது.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் சொல்வதில் இங்கிலீஷ் பகுதி அவளுக்குப் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான்.

“அந்தம்மாவோட அப்பா செத்துட்டாரா? நீ போவலியா?”

“அமெரிக்காம்மா.”

“ஆமா, போவ முடியாது.” கொஞ்ச நேரம் யோசித்தாள். “சாவு வூட்டுல யாரு பேசறாங்க? போய் மூஞ்சியக் காட்டிட்டு, செத்த நேரம் குந்திட்டு வர்றதுதான். வாயத் தொறந்தாதான் வம்பு.”

அது சரிதான். ஆனால் எனக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் வாய் மட்டும்தான். எழுத்தும் குரலும் தவிர எங்களிடம் வேறு எதுவும் இல்லை. அவர் முகத்தைக்கூட நான் நகத்தளவு வட்டப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை வீட்டில் இருந்தேன். வேலையை எப்படியோ முடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று தெரியாது. கால் விவேக் நகர் பக்கம் போயிற்று. வியாழன் அங்கே விசேஷ நாள் என்பதை மறந்துவிட்டேன். குழந்தை இயேசு கோவிலுக்கு வந்த கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. ஆட்டோக்கள் நகரவில்லை. கூட்டத்தைத் தாண்டிப் போக வழியில்லாமல் நானும் வரிசையில் சேர்ந்துவிட்டேன். நாங்கள் வீட்டில் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் வரிசை நகர்ந்தது, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. வாசலில் ஒரு மெழுகுவர்த்தி வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற பெண், பூப்போட்ட முக்காடு போட்டவர், திரும்பிப் பார்த்துப் பேசினார்.

“யாருக்கும்மா வேண்டுதல்?”

“கூட வேலை செய்றவங்களோட அப்பாவுக்கு. தவறிட்டாரு.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. தவறிட்டாரு. இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தவறு என்றால் பிழை, தவறினால் தோல்வி. இறந்தவரைப் பற்றி நாமும் அதைத்தான் சொல்கிறோம். அந்த ஊரில் செத்தவர் தேறிவிடுகிறார். இங்கே தவறிவிடுகிறார். இதை அந்த அம்மாளுக்கு எழுதினால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. பின்னாலிருந்து தள்ளினார்கள். அப்பாவை இழந்தவருக்கு இலக்கணமா சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

முக்காடு போட்ட பெண் “ஆண்டவர் பாத்துக்குவாரு” என்றார். நான் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அது காற்றில் அணைந்ததா நின்றதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது வீட்டுக்கார ஆன்ட்டி இருந்தார். எங்களுக்கு நேர் கீழ் மாடியில் இருக்கிறார்கள். அவர் சேலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், கணவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கேதான். “ஏன்ம்மா, நாலு நாளா மேல நடந்துட்டே இருக்கே? சத்தம் கேக்குது” என்றார். சொன்னேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. கொடியில் இருந்த போர்வையை எடுத்து மடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார்.

“கல்யாணமாகி வந்து பதினஞ்சு நாள். அப்போ ஸ்ரீராம்புரத்துல இருந்தோம். எனக்குக் கன்னடம் ஒரு அட்சரம் வராது. எங்க மாமியார் நாலு வார்த்தை சொல்லிக் குடுத்திருந்தாங்க. நீருன்னா தண்ணி, அக்கின்னா அரிசி, அந்த மாதிரி. ஒரு நாள் எல்லாரும் வெளிய போயிருக்காங்க, நான் மட்டும் வீட்ல. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஓடி வந்து ‘அஜ்ஜி தீர்கொண்ட்ரு’ன்னு சொல்லிட்டு ஓடிட்டா. பாட்டி செத்துட்டாங்கன்னு சொல்றா. எனக்கு எப்படிக் கேட்டுச்சு? அக்கி தீர்ந்துடுச்சு. பாவம், அரிசி இல்லன்னு கேட்டு வந்திருக்குன்னு நெனச்சு, ஒரு முறத்துல ரெண்டு படி அரிசி எடுத்துக்கிட்டுப் போனேன்.”

“அய்யோ ஆன்ட்டி.”

“உள்ள போனா பாட்டியப் படுக்க வச்சிருக்காங்க. முறத்தோட நிக்கிறேன். ஒரு பெரிய மனுஷி வந்து என் கைலருந்து முறத்த வாங்கி, தலைமாட்டுல வச்சாங்க. வாய்க்கரிசிக்குக் கொண்டு வந்திருக்கேன்னு நெனச்சுட்டாங்க. புதுப்பொண்ணு, யாரும் சொல்லாமலே முறை தெரிஞ்சு வந்திருக்கான்னு தெருவே பேசுச்சு. எங்க மாமியார் சாகிற வரைக்கும் அதச் சொல்லிப் பெருமைப்பட்டாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. இப்போ உன்கிட்டதான்.”

போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போய்விட்டார். என்னைத் தேற்றத்தான் சொல்லியிருப்பார். எனக்கோ பொறாமையாக இருந்தது. அவருடைய பிழையை வாங்கித் தலைமாட்டில் வைக்க ஒருத்தி இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், குழுத் தலைவர் சொன்னதை மீறி, மன்னிப்புக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். அதுவரை எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு ஐந்து வரி எழுதினேன். நீங்கள் லைசென்ஸ் தேர்வைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். அந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் உண்டு என்று எனக்குத் தெரியாது. உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொரு வாரமும் அவரைப் பற்றிக் கேட்கக் காத்திருந்தேன். நான் எழுதியது உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று நினைத்து இந்த வாரம் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

பதில் இல்லை. திங்கட்கிழமை மாலை வழக்கமான கூட்டம். ஒன்பது பேர் சேர்ந்தோம். எங்கள் கூட்டங்களில் யாரும் கேமராவைப் போடுவதில்லை. அம்மா சொன்னது மனதில் இருந்ததால் நான் போட்டேன். எட்டு வட்டங்களுக்கு நடுவில் என் முகம் மட்டும், பின்னால் எங்கள் குக்கரும் தோசைக்கல்லும். என்ன பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குழுத் தலைவர் எல்லார் சார்பிலும் அனுதாபம் சொன்னார். அந்த அம்மாள் நன்றி என்றார். குரல் தெளிவாக இருந்தது. நேராக நினைவூட்டல் திரைக்குப் போய்விட்டார். நாற்பது நிமிடம் அதைப் பற்றியே பேசினோம். நான் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னேன். கூட்டம் முடிந்தது.

அரை மணி கழித்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. இந்த முறை நின்று படிக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் நீங்கள் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன், இரண்டு நாள் உங்கள் மேல் மிகவும் கோபமாக இருந்தேன் என்று எழுதியிருந்தார். பிறகு வாளிகள் ஞாபகம் வந்தன. அந்தத் தேர்வு போன வியாழக்கிழமைதான் இருந்தது. அப்பா அதற்குப் போகவே இல்லை. எழுதியதற்கு நன்றி.

மன்னித்தேன் என்று அதில் இல்லை. மன்னிக்கவில்லை என்றும் இல்லை. கணவரிடம் காட்டினேன். “முடிஞ்சுது விடு” என்றார். அவருக்குத் தொண்டை சரியாகிவிட்டிருந்தது. எனக்கு முடியவில்லை. அந்த அம்மாள் முன்போலவே மரியாதையாகப் பேசினார், கோளாறுகளைச் சொன்னார், நான் சரி செய்தால் பாராட்டினார். திரை திறக்க நேரமாகும்போது மட்டும் இருவரும் சும்மா இருந்தோம். அந்தச் சும்மா இருத்தல் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சுவரில் மாட்டிய காலண்டரின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். அந்த வருடக் காலண்டரில் பாதி மாதங்களுக்கு விளிம்பே இல்லை.

இதற்கிடையில் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. யார் என்ன எழுதினாலும் உடனே பதில் போட முடியாமல் போயிற்று. மூன்று முறை படிப்பேன். அலுவலகத்தில் ஒரு தோழி, தன் மகள் பாஸ் அவுட் ஆகிவிட்டாள் என்று எழுதியிருந்தாள். படிப்பை முடித்துவிட்டாளா, மயங்கி விழுந்துவிட்டாளா? பத்து நிமிடம் யோசித்துவிட்டுப் போன் செய்து, “பொண்ணு இப்போ எங்க இருக்கா, நல்லா இருக்காளா?” என்று மெதுவாகக் கேட்டேன். “காலேஜ்ல தொப்பி போட்டுக்கிட்டு போட்டோ எடுத்துட்டு இருக்கா. ஏன், என்ன கேள்வி இது?” என்றாள் அவள். வாழ்த்து சொன்னேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை நானும் அந்த அம்மாளும் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். சர்வர் நின்றுவிட்டது. மறுபடி எழும்ப நேரமாகும். கீழே தெருவில் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அப்போது அந்த அம்மாள் தானாகவே சொன்னார், அப்பாவின் காரை விற்றுவிட்டேன் என்று.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அனுதாப வாக்கியங்களில் கார் விற்றதற்கு ஒன்றும் இல்லை. அவரே தொடர்ந்தார். டிக்கியைக் காலி செய்யும்போது இரண்டு மூட்டை உப்பு இருந்ததாம்.

“உப்பா? எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. கேட்டதும் கை காலண்டர் ஓரத்துக்குப் போயிற்று.

ஆமாம், உங்களுக்கு எப்படித் தெரியும், உங்களுக்குப் பனி கிடையாதே என்றார். பனி உறைந்தால் வண்டிச் சக்கரம் வழுக்கும், அப்போது சக்கரத்தின் முன் உப்பைத் தூவுவார்கள், அது பனியைக் கரைக்கும் என்று விளக்கினார். அவருடைய அப்பா அதைக் கோடையிலும் இறக்கி வைக்கமாட்டாராம். கேட்டால், பனி சொல்லிக்கொண்டா வரும் என்பாராம். கார் வாங்கியவர் மூட்டைகளையும் கேட்டார், நான் தரவில்லை என்றார். இப்போது சமையலறை மூலையில் இருக்கின்றன. என்ன செய்வதென்று தெரியவில்லையாம்.

“மூட்டை எவ்வளவு பெருசு?” என்று கேட்டேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். சர்வர் எழும்பிவிட்டது என்று திரையில் வந்ததை அவரும் பார்த்திருப்பார், நானும் பார்த்தேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.